சிற்றில் செப்பனிடுதல்: எல்லையூர்ப் புல்கூட்டு வீடுகள் பற்றி ஒரு விமர்சனம்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் சிதறால் மலையைப் பற்றித்தான் கட்டுரை கேட்டார்கள். சமணன் என்றால் சிதறால், சிதறால் என்றால் சமணன் என்று நம் சங்கத்தில் ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த முறை வேறு ஒன்றை எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன். கிறிஸ்துமஸ் காலத்தில் புல்கூட்டில் வைக்கிற சின்னஞ்சிறு வீடுகள், அவற்றைச் சேர்த்து வைப்பது, பழுது பார்ப்பது ஆகியவை பற்றிய கட்டுரை இது. கடைசியில் சிதறாலுக்கும் வந்து சேருவேன். ஆகவே குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்னைப் பற்றி அறியாதவர்களுக்காக இரண்டு வரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். 1984இல் பிழைப்புத் தேடி நெய்யாற்றின்கரைக்கு வந்து, உறவினர் ஒருவரின் பாத்திரக் கடையில் நின்று, பிறகு காஞ்சிரங்குளத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. தமிழ் படித்ததெல்லாம் கடையில் ஆள் வராத மத்தியான வேளைகளில்தான். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் கொடுப்பது எங்கள் வியாபாரத்தில் ஒரு பகுதி. அப்படிச் சாக்கில் வரும் பழைய சாமான்களுக்கு நடுவே சில நேரம் வேண்டாத பொருள்களும் வந்து விழும். மண் பொம்மை, மரச் சொப்பு, கை ஒடிந்த சொரூபம், கூரை போன அட்டை வீடு. எடைக்கு உதவாத இவற்றை நான் ஒதுக்கி வைக்க ஆரம்பித்தேன். இருபது வருடத்தில் கடைக்குப் பின்னால் ஒரு அலமாரி நிறைந்துவிட்டது. என் வீட்டம்மா அதற்கு 'குப்பைமேடு' என்று பெயர் வைத்திருக்கிறார்.

சிற்றில் என்னும் சொல்

சிறிய வீடு கட்டி விளையாடுவது நமக்குப் புதிதன்று. சங்க காலத்துப் பெண் பிள்ளைகள் மணலில் கட்டி விளையாடிய வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், தெருவில் கட்டிய மணல் சிற்றிலைக் காலால் சிதைத்த குறும்புக்காரப் பையன் ஒருவனைப் பற்றிய பாட்டு பலருக்கும் தெரிந்தது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று கேட்பதற்கே வைத்திருக்கிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில் பருவம். அதில் சிறுமியர் தாங்கள் பாடுபட்டுக் கட்டிய வீட்டை அழிக்காதே என்று பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுவார்கள்.

ஆக, நம் இலக்கியம் சிற்றிலைக் கட்டுவதைப் பாடியிருக்கிறது, சிதைப்பதையும் பாடியிருக்கிறது. சிதைந்ததைச் செப்பனிடுவது பற்றித் தனியாக ஒரு பருவம் வைக்கவில்லை. மணல் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை, மறுநாள் வேறு வீடு கட்டிக்கொள்ளலாம். அட்டையிலும் மண்ணிலும் பீங்கானிலும் சிற்றில் செய்து ஐம்பது, அறுபது ஆண்டுகள் பாதுகாக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வருகிறது. பழுதான சிற்றிலை என்ன செய்வது?

புல்கூடு வந்த வழி

1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்னும் ஊரில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் வைக்கோல், மாடு, கழுதை ஆகியவற்றோடு கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்ததிலிருந்து குடில் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். பிறகு நேப்பிள்ஸ் நகரத்தார் அதைத் தங்கள் ஊராக்கிக் கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் செய்த குடில்களில் பெத்லகேம் இருக்கும் இடமே தெரியாது. சாராயக் கடை, மீன்காரன், காய்கறிக்காரி என்று நேப்பிள்ஸ் தெருவே இறங்கி வந்து நிற்கும். போலந்தின் கிராக்கோவ் நகரத்தார் தங்கள் ஊர்த் தேவாலயக் கோபுரங்களையும் கோட்டையையும் மினுமினுக்கும் வண்ணத்தாளில் சிறிதாகச் செய்து அதையே குடிலாக வைக்கிறார்கள். 1937இலிருந்து அதற்குப் போட்டி நடக்கிறது, 2018இல் யுனெஸ்கோ அந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஜெர்மானிய மொரேவியச் சபையாருக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இவர்கள் நிறுவிய ஊருக்கு 1741 கிறிஸ்துமஸ் சமயத்தில் பெத்லகேம் என்றே பெயர் வைத்தார்கள். குடிலைச் சுற்றிப் பாசி, கல், மரம், வீடு எல்லாம் வைத்து ஒரு நிலப்பரப்பையே அடுக்கும் வழக்கத்தை அங்கே கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். இதே சபையைச் சேர்ந்த ஒரு குழுவினர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள் என்பது தமிழர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

நம் பக்கத்துக்கு வருவோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பூவார், புல்லுவிளை, நெல்லிமூடு, காஞ்சிரங்குளம் வட்டாரத்தில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு தாள் நட்சத்திரம் தொங்கும், முற்றத்தில் புல்கூடு எழும். நெல்லோ கேழ்வரகோ பத்து நாள் முன்னதாகச் சிரட்டையிலும் தட்டிலும் முளைக்கப் போட்டு, பச்சைப் புல்வெளியாகத் தூக்கி வைப்பார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு நவராத்திரிக் கொலுவின் கீழ்ப்படியில் 'பார்க்' கட்டும் நம் பெண்களின் நினைவு வந்தது. அங்கேயும் கேழ்வரகு அல்லது கடுகு முளை, கண்ணாடித் துண்டில் குளம், மண்ணில் வீடு. மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் ஆவணிக்குப் பிள்ளையாரும் புரட்டாசிக்குக் கொலு பொம்மையும் செய்கிற கைகளே கார்த்திகை, மார்கழியில் மாதாவையும் சூசையப்பரையும் மேய்ப்பர்களையும் செய்கின்றன. எங்கள் ஊர் வழியாக இரண்டு ஊர்வலம் போகிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. புரட்டாசியில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியம்மனும் வேளிமலைக் குமாரசுவாமியும் முன்னூற்றுநங்கையும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். மார்கழியில் விளாச்சேரி பொம்மைகள் வைக்கோல் பொதிந்த பெட்டியில் அதே சாலையில் வருகின்றன.

சமணனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் ஒருமுறை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றம் போய்ச் சங்கீத மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணம் அங்கே ஓவியமாக இருக்கிறது. வட்டம் வட்டமாக மதில், வாசல், தேவர், மனிதர், விலங்கு எல்லாம் அடங்கிய சிறிய ஊர் அது. பெரிய ஒன்றைக் கைக்கடக்கமாகச் செய்து முன்னால் வைத்துக்கொண்டு அதற்குள் மனத்தால் நுழைவது எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஆசை.

கடை வீடும் கை வீடும்

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். இன்று புல்கூட்டில் இடம்பெறும் சிறு வீடுகளை, என் அலமாரியில் உள்ளவற்றையும் அக்கம்பக்கத்தில் பார்த்தவற்றையும் வைத்து, எடைபோட்டுப் பார்க்கலாம்.

உலகத்தில் அதிகம் பேர் சேகரிக்கும் பழைய வீடுகள் ஜப்பானிய அட்டை வீடுகள். 1920களின் இறுதியிலிருந்து உலகப் போர் மூளும் வரை ஜப்பானில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியவை. அட்டையால் சுவர், நிறத் தாளால் சன்னல், மேலே பனி போல மினுங்கும் தூள், பின்புறம் சிறிய மின்விளக்கு நுழைய ஒரு துளை. வாசலில் நிற்கும் குட்டி மரம் எதில் செய்தது தெரியுமா? பச்சைச் சாயம் தோய்த்த பீர்க்கு நார்! நாம் முதுகு தேய்க்கும் அதே பீர்க்கங்கூடுதான். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஜப்பான்காரன்மேல் தனி மரியாதை வந்தது. பனியே அறியாத பீர்க்கங்கொடியை எடுத்துப் பனிநாட்டு மரமாக நிறுத்தியிருக்கிறான். மலிவு விலைக் கடைக்காகச் செய்த சரக்குதான், ஆனால் அதில் கைவேலை தெரிகிறது.

அடுத்தது பீங்கான் வீடு. டிபார்ட்மென்ட் 56 என்னும் அமெரிக்க நிறுவனம் 1976இல் ஆறு வீடுகளோடு பனிக் கிராம வரிசையைத் தொடங்கியது. 1984இல் சார்லஸ் டிக்கன்ஸ் காலத்து இங்கிலாந்தைக் காட்டும் வரிசை வந்தது. வெளிநாட்டில் நர்சு வேலை பார்க்கும் பிள்ளைகள் வழியாக இந்த வகையில் ஒன்றிரண்டு எங்கள் ஊருக்கும் வந்திருக்கின்றன, புகைபோக்கி உடைந்த ஒன்றை நானே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். வேலைப்பாடு நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் சேகரிப்பவர்கள் அதை மதிக்கும் முறைதான் எனக்கு ஒத்துவரவில்லை. இன்ன வீட்டை இனிச் செய்ய மாட்டோம் என்று அறிவித்தவுடன் விலை ஏறுகிறது. பெட்டியோடு இருந்தால் ஒரு விலை, பெட்டி இல்லையென்றால் குறைந்த விலை. சரக்கு நின்றால் விலை ஏறும் என்பது பாத்திரக் கடைக்காரனுக்குத் தெரியாத சூத்திரமா? பெட்டியிலிருந்து எடுக்காத வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்றால், விளக்கு ஏற்றிப் பார்க்காத வீட்டுக்கே மதிப்பு அதிகம் என்று ஆகிறது. விளையாடாத சிற்றிலை நம் முன்னோர் சிற்றில் என்றே சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, இப்போது எங்கும் நிறைந்திருக்கும் தெர்மகோல் வீடு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்றத்துப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாக என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு குடிலில் மோட்டார் வைத்து அருவி விழுந்தது. முப்பது நாற்பது வீடு, அத்தனையும் கூம்புக் கூரை, அத்தனையின்மேலும் பஞ்சுப் பனி. சற்றுத் தள்ளி ஒரு ஓட்டு வீட்டு முற்றத்தில் இன்னொரு குடில். மூன்றே வீடு. பனையோலை வேய்ந்த குடிசை ஒன்று, பாக்குப் பாளையில் செய்த கடை ஒன்று, அக்கானி காய்ச்சும் விடிலி ஒன்று. விடிலியின் அடுப்பில் சிவப்புக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு. அந்த வீட்டுப் பெரியவர் பனையேறிக் குடும்பத்தில் வந்தவர். "அண்ணாச்சி, கொழந்தைக்குக் குளுராதுல்லா? அதான் விடிலிப் பக்கம் படுக்க வச்சேன்" என்றார்.

நாங்கள் பரிசை அருவிக்குக் கொடுத்தோம். மதிப்பெண் தாளில் அளவு, ஒளி அமைப்பு, மொத்தத் தோற்றம் என்று மூன்றே கட்டம் இருந்தது. அந்தப் பெரியவர் செய்ததைப் போட அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லையென்றால் எழுந்து சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. நேப்பிள்ஸ்காரனும் கிராக்கோவ்காரனும் செய்ததை அவர் யாரிடமும் கேட்காமல் செய்திருந்தார். பெத்லகேமைத் தன் விளைக்குக் கொண்டு வந்துவிட்டார்.

பஞ்சுப் பனியை நான் முழுக்க மறுக்கவில்லை. வாழ்த்து அட்டைகளிலிருந்து இறங்கி வந்த பனி அது, பிள்ளைகளுக்கு அதில் ஒரு குதூகலம் உண்டு. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாற்பது வீட்டில் ஒரு வீடாவது அதைச் செய்தவனின் ஊரைத் தெரிந்த வீடாக இருக்கக் கூடாதா? இதையே கொலு வைக்கும் நம் வீடுகளிடமும் கேட்கிறேன். அங்கேயும் பார்க்கில் இப்போது பிளாஸ்டிக் மரமும் கடையில் வாங்கிய பங்களாவும்தான் நிற்கின்றன.

டீச்சரின் ஏழு வீடுகள்

பிறரைப் பற்றி இவ்வளவு சொன்னவன் தன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

2011 நவம்பரில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் டீச்சர், எனக்கும் அப்படித்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு அட்டை வீடு. "அண்ணாச்சி, இத ஒண்ணு நேராக்கித் தருவியளா? அப்பா செஞ்சது. செல்லு புடிச்சுப் போச்சு" என்றார்.

அவருடைய தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். லண்டன் மிஷன் வழிவந்த சபைக் குடும்பம். உருவம் வைத்துக் கும்பிடும் வழக்கம் இல்லாததால் மாதா, குழந்தை, ராஜாக்கள் எதுவும் செய்யாமல் வீடுகள் மட்டும் செய்திருக்கிறார். மொத்தம் ஏழு. பழைய ரிஜிஸ்தர் அட்டையை வெட்டிச் சுவர். தேங்காயெண்ணெய் தடவிய தாள் சன்னல். உள்ளே எரியும் மெழுகுவர்த்தித் துண்டு அட்டையைப் பற்றாமலிருக்கத் தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாளை உட்சுவரில் ஒட்டியிருந்தார். வெளிச்சமும் அதனால் இரட்டிப்பாகும். புகை போகக் கூரையில் ஒரு கீறல். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

ஆச்சரியப்பட்டவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அதைப் 'புதுசு போல' ஆக்க நினைத்தேன். உள்ளே படிந்திருந்த கரியைத் துடைத்தேன். சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட், கூரைக்குச் சிவப்பு எனாமல் அடித்தேன். அடி அட்டை செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கத்தியால் பெயர்த்து எடுத்துவிட்டுப் புது அட்டை ஒட்டினேன். பெயர்த்ததைக் குப்பையோடு சேர்த்துக் கொல்லையில் கொளுத்தியாயிற்று.

ஒரு வாரம் கழித்து டீச்சர் வந்தார். வீட்டைக் கையில் வாங்கியவுடன் முகப்பைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பினார்.

"எழுத்து எங்க அண்ணாச்சி?"

"எந்த எழுத்து டீச்சர்?"

"அடியில அப்பா பென்சில்ல எழுதியிருந்தாரே. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா. நீங்க வாசிச்சுச் சொல்லுவியன்னுதானே மொதல்ல இத ஒங்க கையில கொண்டு வந்தேன்."

நான் என்ன பதில் சொல்ல? 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் வாத்தியாரின் மகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளம் கற்பித்து, ஓய்வும் பெற்றுவிட்டார். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது மலையாளம். தகப்பனார் எழுதியதை வாசிக்க ஊரில் தமிழ் படித்த ஆள் ஒருவன் வேண்டும் என்று தேடி வந்திருக்கிறார். அந்த ஆள் அதை வாசிக்காமலே எரித்துவிட்டான்.

டீச்சர் கோபப்படவில்லை. மறுநாள் மிச்சம் ஆறு வீட்டையும் ஒரு கூடையில் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். "இத ஒண்ணும் நேராக்க வேண்டாம். வாசிச்சா மட்டும் போதும்" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண், ஒரு வீட்டுப்பெயர், வாசல் எந்தத் திசை என்பது, கிழக்கே அடுத்தது எத்தனையாம் எண் என்பது. ஒன்றில் 1955 என்று ஆண்டும் இருந்தது. அவை கற்பனை வீடுகள் இல்லை. அவர்கள் தெருவில் அன்றைக்கு இருந்த ஏழு வீடுகள். நாலாவது வீட்டின் அடியில் 'கிழக்கே 5' என்று இருந்தது. நான் எரித்தது ஐந்தாவது. அதன் இடம் தெரிந்துவிட்டது. பெயர் போயிற்று.

தெருவில் வயதானவர்களிடம் டீச்சர் விசாரித்தார். இருவர் இரண்டு பெயர் சொன்னார்கள். இரண்டில் ஒன்றை அழகான கையெழுத்தில் அடியில் எழுதிவிடலாமே என்று என் மகன் சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. முதல் தடவை செய்தது அறியாமை. தெரியாத பெயரைத் தெரிந்ததுபோல் எழுதினால் அது பொய். புது அடியில், '5. பழைய அடி அழிந்தது. செப்பனிட்டவர் பிழை. 2011' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

செப்பனிடுதலுக்கு ஓர் அளவுகோல்

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் 1964இல் வெனிஸ் நகரத்தில் கூடி ஒரு சாசனம் வகுத்தார்கள். அதன் சாரம் பாமரனுக்கும் புரியக்கூடியது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்த்தது புதியது என்று தெரிய வேண்டும். கோயில்களில் மணல் வீச்சு என்ற பெயரில் கல்லைச் சுத்தம் செய்யப் போய்க் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்ததை நம்மில் பலர் கண்டித்துப் பேசியிருக்கிறோம். நானும் பேசினவன்தான். ஒரு சாண் அட்டை வீட்டில் அதே தவறைச் செய்தபோது அது தவறு என்றே எனக்குத் தோன்றவில்லை. சின்னப் பொருள்தானே என்ற அலட்சியம்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். முதலில் வீட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்ப்பது. உள்ளும் புறமும் படம் எடுத்து, இருக்கும் எழுத்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வது. தண்ணீர் காட்டாமல் மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது. ஒட்ட வேண்டியிருந்தால் கருவேலங்கோந்து அல்லது புளியங்கொட்டைப் பசை, இவை நாளை ஒருவன் நனைத்துப் பிரிக்கக்கூடியவை. மரவேலைக்காரர்கள் சொல்லும் வச்சிரத்தை நான் தொடுவதில்லை, அது விலங்குத் தோலில் எடுப்பது. இராமபாணப் பூச்சியைக் கொல்லவும் எனக்கு மனம் வராது. நிழலில் காற்றாட வைத்து, தூரிகையால் மெல்ல வெளியேற்றிவிட்டு, வேப்பிலையும் வசம்பும் போட்டு வைக்கிறேன். பூச்சியும் பிழைத்துக்கொள்கிறது, வீடும் பிழைத்துக்கொள்கிறது. பெயின்ட் அடிப்பதே இல்லை. கரியைத் துடைப்பதில்லை. அந்தக் கரி அந்த வீட்டில் எத்தனையோ கிறிஸ்துமஸ் இரவுகள் விளக்கு எரிந்ததற்குச் சாட்சி.

ஜப்பானிய வீடுகளைச் செப்பனிடுபவர்களுக்குள்ளும் இந்த வழக்கு உண்டு. மங்கியதை மங்கியபடி விட வேண்டும் என்பார் ஒரு சாரார். புது நிறத்தாளும் புது மினுக்கும் வைத்தால்தான் செய்தவன் நினைத்த அழகு தெரியும் என்பார் இன்னொரு சாரார். கிழிந்த சன்னலுக்குப் புதுத் தாள் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விளக்கு ஏற்ற வேண்டுமே! ஆனால் பழைய தாளின் ஒரு துண்டாவது கூடவே பத்திரமாக இருக்க வேண்டும்.

இப்போது சிதறாலுக்கு வருகிறேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் திருச்சாரணத்து மலையில் 9ஆம் நூற்றாண்டில் சமணம் செழித்திருந்தது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. பின்னாளில் அது பகவதி கோயிலாயிற்று. அப்படி ஆன பிறகும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களை யாரும் கொத்தி எறியவில்லை. சிறிய உருவங்களின் கீழே, செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் வெட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். அவர்கள் அரசர்கள் இல்லை. எங்கெங்கிருந்தோ அந்த மலைக்கு வந்தவர்கள். உருவத்துக்கு அடியில் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அந்த எழுத்தும் தெரியாது, அந்த மதமும் வேறு, ஆனாலும் விட்டுவைத்தார்கள். அதனால்தான் என்னைப் போன்றவன் இன்று அங்கே போய் நின்று பெருமைப்பட முடிகிறது. ஆண்டாண்டாக இந்த மலரில் அந்தப் பெருமையை எழுதிவந்த நான், பக்கத்துத் தெரு வாத்தியார் தன் வீட்டுக்கு அடியில் எழுதியதைப் பார்க்கத் தவறினேன்.

முடிவாக

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் ஒவ்வொரு பரணிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். குடில் வீடாக இருக்கலாம், கொலு பொம்மையாக இருக்கலாம், மரப்பாச்சியாக இருக்கலாம். அடியிலோ முதுகிலோ ஒரு பெயர், ஒரு கணக்கு, வாங்கிய ஊர், தேதி தமிழில் இருக்கக்கூடும். பிள்ளைகள் மலையாளமோ கன்னடமோ இந்தியோ படிக்கிறார்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்றைக்கு வீட்டில் இருக்கிறார்கள். பண்டிகை வருகிறது என்று கழுவித் துடைத்துப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இருப்பதை வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். போட்டி நடத்தும் சங்கத்தாரும் மன்றத்தாரும் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: 'சொந்த ஊர் வீடு' என்று.

டீச்சர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் என்னைக் கூப்பிடுகிறார். நான் இருட்டிய பிறகு உண்பதில்லை என்பதால் நாலு மணிக்கே வரச் சொல்வார். முட்டை சேர்க்காத கேக் ஒரு தட்டில் எனக்கென்று தனியாக இருக்கும். ஏழு வீடும் கேழ்வரகுப் புல்லுக்கு நடுவே வரிசையாக நிற்கும். ஆறு பழசு, ஒன்று மட்டும் என் சிவப்பு எனாமலில் பளபளவென்று. அதை மாற்றித் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, அதும் இப்ப நம்ம வீடுதானே" என்கிறார். பெங்களூரில் வளரும் அவர் பேத்தி ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் காட்டுவாள், நான் பெயரை வாசிப்பேன், அவள் என் பின்னால் சொல்வாள். நாலாவது வீட்டுப் பெயர் வாசித்து முடிந்ததும் அவள் ஐந்தாவதைத் திருப்பாமல் தாண்டி ஆறாவதை எடுப்பாள்.